மாப்பிள்ளை கார் காய்ந்த கதை

நாச்சிமுத்துவுக்கு அறிவு இல்லையென்று அந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. இருக்கிற அறிவை அவன் எடுத்துச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தான், அவ்வளவுதான். சங்ககிரி போகிற ரோட்டோரம் சென்னியப்பன் மேஸ்திரிக்கு ஒரு பெயிண்ட் பட்டறை. லாரி, வேன், பழைய கார் எது வந்தாலும் ஒடுங்கின தகரத்தைத் தட்டி, பள்ளத்தில் பட்டி பூசி, தேய்த்து, வர்ணம் அடித்துப் புதுசாக்கி அனுப்புவார். அந்தப் பட்டறையில் நாச்சிமுத்து மீசை முளைத்த நாளிலிருந்து பட்டி தேய்த்துக்கொண்டிருந்தான். வர்ணம் அடிக்கிற ஸ்பிரே கன்னை மட்டும் மேஸ்திரி அவன் கையில் கொடுத்ததே இல்லை. அந்தக் கன்னைத் துடைத்து ஆணியில் மாட்டும்போதெல்லாம் நாச்சிமுத்து அதை ஒரு தடவை காற்றில் நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவான்.

அவனுக்குக் கீழே இரண்டு பேர். குழந்தைவேலு ஓடச் சொன்னால் ஓடுவான். நிற்கச் சொல்ல மறந்துவிட்டால் பவானி வரைக்கும் போய்விடுவான். பொங்கியண்ணன் யோசிக்கிறவன். வலது கைச் சுண்டுவிரலில் நீளமாக ஒரு நகம் வளர்த்திருந்தான். அதைக் காதுக்குள் விட்டுக் குடைந்தால்தான் அவனுக்கு யோசனை வரும்.

மேஸ்திரியின் தங்கச்சி பேரனுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் காதுகுத்து வந்தது. தாய்மாமன் வீட்டுப் பெரியவர் போகாமல் முடியாது. அந்தச் சமயம் பார்த்துப் பட்டறையில் ஒரு கார் நின்றது. பேட்டரிக் கடை அர்த்தனாரியின் பழைய அம்பாசடர். அர்த்தனாரிக்கு நாற்பது தாண்டி இப்போதுதான் ஒரு பெண் அமைந்திருக்கிறது. இதற்கு முன்னால் அமைந்ததெல்லாம், இவர் போய்ச் சேருவதற்குள் வேறு யாராவது முந்திக்கொண்டு பேசி முடித்துவிட்ட இடங்கள். இந்தப் பெண்ணின் மாமன், "மாப்ள கார்ல வந்து எறங்கோணும்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அதற்காகவே வாங்கின கார். மேஸ்திரி அதற்கு மை நீலத்தில் வர்ணம் அடித்து முடித்திருந்தார். மேலே பளபளப்புக்கு லாக்கரும் அடித்தாகிவிட்டது. ஆனால் ரோட்டுக் காற்றில் தூசி வந்து ஒட்டி, மேல்பரப்பு அங்கங்கே பொரிப்பொரியாக நின்றது. அதை வாட்டர் பேப்பர் என்கிற நைஸ் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

பஸ் ஏறுவதற்கு முன்னால் மேஸ்திரி மூவரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"நல்லாக் கேட்டுக்கங்கடா. எப்பத் தேய்க்கறதுங்கறதுதான் சூட்சுமம். முன்னாடியே கை வெச்சா உரிஞ்சு வந்துரும். நல்லாக் காஞ்சப்பறந்தான் தேய்க்கோணும். நகம் வெச்சுப் பாருங்க, நகம் பதியக் கூடாது. ஆரஞ்சுத் தோலாட்டம் இருக்கற எடத்தை மட்டும் தேய்ச்சாப் போதும். மூஞ்சி தெரியற வரைக்கும் தேய்ங்க. காயற வரைக்கும் வண்டி வேப்பமரத்து நெழல்லயே இருக்கட்டும். வெயில் பட்டுது, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

"சரிங்க மேஸ்திரி."

"நாச்சிமுத்து, இதை மட்டும் ஒழுங்கா முடிச்சீன்னா அடுத்த வண்டிக்கு நீதான் கன்னைப் புடிக்கறே."

நாச்சிமுத்து தலையாட்டினான். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் தலையாட்டிக்கொண்டே நின்றான்.

கார் வேப்பமரத்து நிழலில் நின்றது. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு பொங்கியண்ணன் காதைக் குடைந்துகொண்டு, "அண்ணா, நெழலு நகருது" என்றான்.

நாச்சிமுத்து பார்த்தான். உண்மைதான். காரின் பின்பக்கம் ஒரு முழத்துக்கு வெயில் ஏறியிருந்தது.

"மேஸ்திரி நெழல்லயே இருக்கட்டும்னாரு" என்றான் நாச்சிமுத்து. "நெழலு எங்க போவுதோ வண்டி அங்க போவோணும்."

மூன்று பேரும் வர்ணத்தில் கை படாமல் பம்பரைப் பிடித்து ஒரு முழம் தள்ளினார்கள். நிழலும் நகர்ந்தது. மறுபடியும் தள்ளினார்கள். மத்தியானம் வரைக்கும் சமாளித்துவிட்டார்கள். சாயங்காலம் ஆக ஆக நிழலுக்குக் கால் நீண்டுவிட்டது. வேலியைத் தாண்டிக் கிழக்கே பாவாத்தாளின் வெங்காயக் காட்டுக்குள் இறங்கிவிட்டது. வேலிப் படலை அவிழ்த்து வைத்துவிட்டு இவர்களும் காரோடு இறங்கினார்கள்.

களை வெட்டிக்கொண்டிருந்த பாவாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு முன்னால் ஒரு கல்யாணக் கார் வெங்காயத்தாளை மிதித்துக்கொண்டு மெள்ள வந்தது.

"ஏப்பா, காட்டுக்குள்ள எங்க போறீங்க?"

"எங்களைக் கேட்டா எங்களுக்கென்னங்க தெரியும்? நெழலைக் கேளுங்க" என்றான் நாச்சிமுத்து மரியாதையாக.

பொழுது சாய்ந்தது. நிழலைத் திடீரென்று காணவில்லை. குழந்தைவேலு காட்டுக் கோடி வரைக்கும் ஓடித் தேடிவிட்டு வந்து, "இல்லீங்ணா" என்றான். சொல்லிக்கொள்ளாமல் போன நிழல் காலையில் தானாக வரும் என்று காரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். காலையில் வந்தது. ஆனால் மரத்துக்கு மேற்கே, தார் ரோட்டின் மேல் வந்து படுத்திருந்தது. வெங்காயக் காட்டிலிருந்து காரை ரோட்டுக்கு மேலேற்றி நடுரோட்டில் நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. இறங்கி வந்து சத்தம் போட்ட டிரைவரிடம் நாச்சிமுத்து, "கொஞ்சம் பொறுங்க, நெழலு இப்பக் கெளம்பீரும்" என்றான். வெயில் ஏறி, நிழல் பட்டறைக்குத் திரும்பின பிறகுதான் திருச்செங்கோட்டு பஸ் திருச்செங்கோட்டுக்குப் போனது.

கார் மறுபடியும் மரத்தடிக்கு வந்ததும் மூவரும் அதன் முன்னால் குந்த வைத்து உட்கார்ந்தார்கள். தேய்க்கும் நேரம் வந்துவிட்டதா என்று முடிவு செய்ய வேண்டும். பொங்கியண்ணன் காதைக் குடைந்தான்.

"அண்ணா, காஞ்சப்பறந்தான் தேய்க்கோணும்."

"ஆமா."

"தேய்க்கறப்பத் தண்ணி விடோணும்."

"விடோணும். இல்லீன்னா அது வாட்டர் பேப்பரில்ல, வெறும் பேப்பரு."

"தண்ணி விட்டா நனைஞ்சுரும்."

"நனையும்."

"நனைஞ்சுதுன்னா அது காஞ்சதில்லை."

மரத்திலிருந்து ஒரு வேப்பம்பழம் காரின் மேல் விழுந்து உருண்டது. நாச்சிமுத்துவுக்குத் தலைக்குள் எதுவோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாகத் தேய்த்தோமே, இதை யாரும் நமக்குச் சொல்லவில்லையே.

"அப்பத் தேய்க்கவே முடியாதுங்களா?" என்றான் குழந்தைவேலு.

"முடியும்" என்றான் பொங்கியண்ணன். "நனைஞ்சதுக்கும் காஞ்சதுக்கும் நடுவால ஒரு நேரம் இருக்குமல்ல. நனைஞ்சும் இருக்காது, காஞ்சும் இருக்காது. அந்த நேரம் பார்த்துத் தேய்க்கோணும். அதைத்தான் மேஸ்திரி சூட்சுமம்ங்கறாரு."

சரியான பேச்சு. ஆனால் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் கல்யாணக் காரில் கை வைக்கலாமா? முதலில் குழந்தைவேலுவின் துண்டில் சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. துண்டை நனைத்துக் கொடியில் போட்டார்கள். ஒருவன் இந்தக் கோடி, ஒருவன் அந்தக் கோடி, நாச்சிமுத்து நடுவில். கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ குடிக்கக்கூடப் போகவில்லை. வெயிலடித்தது, காற்றடித்தது. கடைசியில் நாச்சிமுத்து துண்டைத் தொட்டுப் பார்த்தான்.

"காஞ்சிருச்சுடா."

"நடுவால இருந்ததைப் பாத்தீங்களாண்ணா?"

"இல்லை. ஈரமா இருந்துச்சு, அப்பறம் காஞ்சிருச்சு. நடுவால ஒண்ணுமே வல்லை."

"நான் ஒருக்காக் கண்ணைச் சிமிட்டீட்டனுங்ணா" என்று குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டான். "அப்பத்தான் வந்துட்டுப் போயிருக்கும்."

வேறு வழியில்லாமல் நாச்சிமுத்து மேஸ்திரிக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் மேளச் சத்தத்தில் காது குத்தின குழந்தை வீறிட்டது.

"மேஸ்திரி, காஞ்சிருச்சுங்க." அவன் சொன்னது துண்டை.

"காஞ்சிருச்சல்ல, அப்பறமென்ன, நகம் பாத்துட்டுத் தேய்ங்க. தண்ணி நிக்கக் கூடாது, ஓடிக்கிட்டே இருக்கோணும். தேய்க்க ஆரம்பிச்சாக் கையை எடுக்காதே. கேக்குதா?"

"கேக்குதுங்க. நடுவால ஒரு நேரம் இருக்குதல்லங்க, அது..."

மேஸ்திரி போனை வைத்துவிட்டார். மாமன் சீர் வைக்கக் கூப்பிட்டிருப்பார்கள்.

இனி நகம். பட்டி தேய்த்துத் தேய்த்து நாச்சிமுத்துவுக்கு நகமே கிடையாது. குழந்தைவேலு கடித்துத் துப்பிவிடுவான். மூவருக்குள்ளும் நகம் என்று சொல்லத்தக்கது பொங்கியண்ணனின் சுண்டுவிரலில்தான் இருந்தது. பொங்கியண்ணன் அதைக் காரின் மேல் கொண்டுபோனவன், அப்படியே நிறுத்திக்கொண்டான்.

"அண்ணா, நகம் பதியக் கூடாதுன்னாரல்ல மேஸ்திரி?"

"ஆமா."

"இவ்வளவு பெரிய நகத்தை வெச்சா எப்படிப் பதியாம இருக்கும்?"

நாச்சிமுத்து அந்த நகத்தைப் பார்த்தான். பதிகிற நகம்தான் அது. பதியாமல் இருக்க வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும். அதை வாயால் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. பொங்கியண்ணனே புரிந்துகொண்டான். தகரம் வெட்டுகிற கத்திரியை எடுத்து வரச் சொல்லி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு விரலை நீட்டினான். நகம் போயிற்று. குழந்தைவேலு அதைப் பொறுக்கி ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தான்.

பிறகு பொங்கியண்ணன் வெறும் விரலைப் பானட்டின் மேல் அழுத்தினான். எடுத்தான். மூவரும் குனிந்து பார்த்தார்கள். நகம் பதியவில்லை. ரேகை மட்டும் சுழி சுழியாக, ரேஷன் கடையில் வைத்த மாதிரி பதிந்திருந்தது.

"ரேகை பதியக் கூடாதுன்னு மேஸ்திரி சொல்லலை" என்றான் நாச்சிமுத்து. "காஞ்சிருக்குது."

அடுத்தது ஆரஞ்சுத் தோல். குழந்தைவேலு பழக்கடைக்கு ஓடினான். மேஸ்திரி தோல் என்றுதானே சொன்னார், பழத்தை எதற்கு அவ்வளவு தூரம் சுமப்பது என்று வழியிலேயே தின்றுவிட்டு, தோலை மட்டும் பொறுப்பாகக் கொண்டு வந்தான்.

தோலைக் காருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். கார் நீலம், தோல் மஞ்சள். கார் ஆரஞ்சுத் தோலாட்டம் இல்லவே இல்லை.

"கண்ணால பாத்தா அப்படித்தான் தெரியும்" என்றான் பொங்கியண்ணன். நகம் இல்லாததால் யோசனை வரக் கொஞ்சம் சிரமப்பட்டது. "கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாக்கோணும்."

நாச்சிமுத்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். பொங்கியண்ணன் தோலை விரித்துப் பானட்டின் மேல் வைத்து, நாச்சிமுத்துவின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தான்.

"எப்படிங்ணா இருக்குது?"

நாச்சிமுத்து நிதானமாகத் தடவினான். "அப்படியே ஆரஞ்சுத் தோலாட்டமே இருக்குதுடா."

அந்த இடத்தைச் சாக்குக் கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டார்கள். பிறகு தோலைக் கதவின் மேல் வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் ஆரஞ்சுத் தோல். கூரையில் வைத்தார்கள், கூரையும் அப்படியே. எங்கே வைத்துத் தடவினாலும் கொஞ்சம்கூட வித்தியாசமில்லை. மேஸ்திரி இவ்வளவு அடித்தும் ஓரிடம்கூடச் சரியாக வரவில்லையே என்று நாச்சிமுத்துவுக்கு உள்ளுக்குள் வருத்தமாக இருந்தது. வெளியே சொல்லவில்லை. பெரியவர், வயசாகிவிட்டது. கார் முழுக்கத் தேய்ப்பது என்று முடிவானது.

வேலை ஆரம்பமாயிற்று. நாச்சிமுத்து வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றிக் கதவில் வைத்தான். வைத்த கையை எடுக்கக் கூடாது. தண்ணி நிற்கக் கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் குழந்தைவேலு தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு காரைச் சுற்றி ஓட ஆரம்பித்தான். நாச்சிமுத்துவைத் தாண்டும்போது ஒரு கை அள்ளித் தெளித்துவிட்டு, நிற்காமல் ஓடினான். தண்ணி தீர்ந்தால் தொட்டிக்கு ஓடி மொண்டு வந்தான். பொங்கியண்ணன் பின்னாலேயே நடந்து, "நின்னுராதே வேலு, தண்ணி நிக்கக் கூடாது" என்று தைரியம் சொன்னான். சாப்பாட்டு நேரத்தில் நாச்சிமுத்து இடது கையால் தின்ன மாட்டேன் என்றதால், பொங்கியண்ணன் தக்காளிச் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டான். ஓடுகிறவனுக்கும் ஊட்ட வேண்டியிருந்தது. காரை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு வாய்.

தேய்க்கத் தேய்க்க ஒரு சங்கடம் தெரிந்தது. தேய்ப்பதற்கு முன்னால் கதவில் முகம் லேசாகவாவது நிழலாடியது. இப்போது மங்கிப் போய் ஒன்றுமே தெரியவில்லை.

"மூஞ்சி தெரியற வரைக்கும்னு சொன்னாரு, தெரிஞ்சதும் போயிருச்சேண்ணா" என்றான் பொங்கியண்ணன்.

"உள்ளுக்குள்ள போயிருக்கும். இன்னும் தேய்க்கோணும்."

இன்னும் தேய்த்தார்கள். நகம் இழந்தவனும் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு சேர்ந்துகொண்டான். நைஸ் பேப்பர் மெதுவாகப் போகிறதென்று பட்டி தேய்க்கிற முரட்டுக் காகிதத்தை எடுத்தார்கள். வேலை வெண்ணெயாக வழுக்கியது. நீலம் கரைந்து சாக்கடையில் ஓடியது. அடியில் சாம்பல் நிறப் பிரைமர் வந்தது. முகம் தெரியவில்லை. பிரைமரும் போனது. பட்டி வந்தது. நாச்சிமுத்துவுக்குப் பழகின பட்டி. அதையும் மேடு பள்ளம் பார்க்காமல் தேய்த்துத் தள்ளினார்கள். மறுநாளும் தேய்த்தார்கள். அதற்கடுத்த நாள் மத்தியானம் வெறும் தகரம் வந்தது. தகரத்துக்கு நைஸ் பேப்பர் போட்டு, துணியால் துடைத்ததும், கார் வெள்ளிப் பாத்திரம் விளக்கி வைத்த மாதிரி நின்றது.

நாச்சிமுத்து கதவுக்கு முன்னால் குனிந்தான். அப்படியே அசையாமல் நின்றான்.

"தெரியுதுடா" என்றான் மெல்ல. "மூஞ்சி தெரியுது."

மற்ற இருவரும் வந்து குனிந்தார்கள். ஒடுக்கெல்லாம் வெளியே வந்துவிட்ட கதவு அது. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். ஒருவனுக்குத் தாடை நெஞ்சு வரைக்கும் தொங்கியது. ஒருவனுக்கு நெற்றி முறம் அகலத்துக்கு விரிந்திருந்தது. மூன்றாவது ஆளுக்குக் கழுத்தே இல்லை.

"இது நம்ம மூஞ்சிங்களாண்ணா?"

நாச்சிமுத்து தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "எனக்கு இவ்வளவு நீளமில்லை. வேற ஆளுங்கதான். மூஞ்சி தெரியோணும்னாரே தவிர யாரு மூஞ்சின்னு மேஸ்திரி சொல்லலை."

"எப்பண்ணா ஏறுனாங்க? கதவைத் தொறக்கவே இல்லையே நாம."

"முன்னாடியே ஏறியிருப்பாங்க. பெயிண்டு மறைச்சிருக்குது."

நாச்சிமுத்து கைகூப்பி வணக்கம் வைத்தான். உள்ளே இருந்தவரும் அதே சமயம் வைத்தார். மரியாதைப்பட்ட மனுஷர்தான். "மாப்ள வீட்டாளுங்களா நீங்க?" என்று கேட்டதற்கு மட்டும் வாயை அசைத்தாரே ஒழிய சத்தமாகப் பதில் சொல்லவில்லை. பெரிய இடத்து ஆட்கள் அப்படித்தான் என்று இவர்களும் வற்புறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அர்த்தனாரி பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, குலதெய்வம் கோயிலில் போட்ட மாலையோடு நேராகப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். காரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீலப் பெயிண்டு எங்கப்பா?"

"அது மறைச்சுக்கிட்டு இருந்துச்சுங்க, எடுத்தாச்சு" என்றான் நாச்சிமுத்து. குரலில் ஒரு பெருமை இருந்தது. "உள்ள மூணு பேரு உக்காந்திருக்காங்க. யாருன்னு நீங்களே வந்து பாருங்க."

அர்த்தனாரி வந்து கதவுக்கு முன்னால் குனிந்தார். மற்ற இருவரோடு பக்கத்தில் குனிந்த நாச்சிமுத்து திடுக்கிட்டுப் போனான்.

"ஏனுங்க, இப்ப நாலு பேராயிட்டாங்களே. மாலை போட்டுக்கிட்டு, சந்தனம் வெச்சுக்கிட்டு, தொப்பையா ஒருத்தரு."

அர்த்தனாரி கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார். ஆயுசு முழுக்க யாரை நினைத்துப் பயந்தாரோ அந்த ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தான். பட்டு வேட்டி. அகலமான கன்னம். இவரை விடச் சந்தனம் கொஞ்சம் அதிகம்.

"எம்பட கார்ல இன்னொரு மாப்ளயா?"

"கல்யாணத்துக்குத்தான் கெளம்பியிருக்காருங்க, பாத்தாலே தெரியுதே" என்றான் பொங்கியண்ணன்.

"நான் இப்ப என்னப்பா பண்றது?"

நாச்சிமுத்து வாழ்க்கையில் முதல் தடவையாக, சேர்த்து வைத்திருந்த அறிவை எடுத்துச் செலவழித்தான். "கார்ல இன்னும் டிரைவர் ஏறலீங்க. நீங்க பஸ்ஸைப் புடிங்க. வெசயாப் போனீங்கன்னா அவருக்கு முன்னாடி மண்டபத்துக்குப் போயிரலாம்."

அர்த்தனாரி கதவை இன்னொரு தடவை பார்த்தார். உள்ளே இருந்தவனும் அதே யோசனையோடு இவரைப் பார்த்தான். அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலை தோளில் புரள, ரோட்டில் வந்த பஸ்ஸை நோக்கி ஓடினார். நல்ல வேளை, நிழலுக்காகக் காத்திருந்து பழகின அதே டிரைவர், அவரைக் கண்டதும் தானாகவே நிறுத்தினார்.

நாச்சிமுத்து திரும்பிக் கதவைப் பார்த்தான். மாலை போட்டவரைக் காணவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மேஸ்திரி. அந்தப் பக்கம் காதுகுத்து முடிந்து மூணாம் நாள் விருந்தும் தின்றுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு பேசினார்.

"என்னடா, மாப்ள கெளம்பீட்டாரா?"

"ரெண்டு பேருமே கெளம்பீட்டாங்க மேஸ்திரி" என்றான் நாச்சிமுத்து. "நம்ம மாப்ள பஸ்ஸுல போறாரு. இன்னொருத்தரு எதுல போறாருன்னு தெரியலீங்க, ஆனா அவரு முன்னாடியே எறங்கீட்டாரு. நீங்க எதுக்கும் பொண்ணு வீட்டுக்கு ஒரு போனைப் போட்டு, மொதல்ல வர்றவருக்குத் தாலியைக் குடுக்க வேண்டாம், ரெண்டு பேரும் வந்தப்பறம் பாத்துக்கலாம்னு சொல்லிப் போடுங்க."